ஜன்னல் வழியாக வந்த பிள்ளை

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் கொடுத்துவைத்தவள் என்பார்கள். ஆவடி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அங்கே ஜன்னலோரம் என்பது சம்பளமில்லாத உத்தியோகம். வண்டி உள்ளே திரும்பும்போதே கூட்டம் கூடவே ஓடிவரும். நிற்பதற்குள் கைகள் நீளும். கைக்குட்டை வரும், குடை வரும், சாப்பாட்டுக் கூடை வரும், ஒரு தடவை காலைக் கட்டிய கோழிகூட வந்தது. "அந்த சீட்டுல போடும்மா", "யாரும் குந்தாம பாத்துக்க" என்று ஆளாளுக்கு உத்தரவு வேறு. கைக்குட்டை விழுந்த இடம் கைக்குட்டைக்காரருக்குச் சொந்தம். அதில் அடிதடி உண்டு, அப்பீல் கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் நான் தினமும் காலையில் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போய்வந்தேன். அங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலை. அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு ஒரு ஊர்த் தமிழ். எங்கள் வீட்டில் திருநெல்வேலி. பஸ் ஏறுவதில் மட்டும் நான் அசல் ஆவடிக்காரி. ஸ்டாண்டுக்குப் போய் முட்டிமோதும் வேலையே எனக்குக் கிடையாது. டிப்போவிலிருந்து காலி வண்டி ஸ்டாண்டுக்கு வரும் வழியில் எங்கள் பக்கத்து முனையில் மெதுவாகத் திரும்பும். அங்கே நின்று கை காட்டினால் டிரைவர் நிறுத்துவார். ஏறி, இடதுபக்கம் பெண்கள் வரிசையில், முன்படிக்கு அடுத்த ஜன்னலில் மகாராணி மாதிரி உட்கார்ந்துகொள்வேன். அப்புறம் ஸ்டாண்டு வரும், மகாராணி கூலியாள் ஆகிவிடுவாள்.

அன்றைக்கு முகூர்த்த நாள். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும் சீர்த்தட்டுமாக ஸ்டாண்டு நிரம்பி வழிந்தது. எங்கள் வண்டி நின்றதும் பின்னாலேயே அம்பத்தூர் போகும் வண்டி ஒன்று மூக்கை உரசுகிற மாதிரி வந்து நின்றது. நான் மடியில் இரண்டு குடையையும் யாருடையதோ ஒரு தாம்பாளத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, போதும்டா சாமி என்று ஷட்டரை இறக்கப்போனேன்.

"யக்கா, யக்கா, கொஞ்சம் புடிச்சிக்கக்கா, தோ ஏறிடறேன்!"

குரல் வருவதற்கு முன்பே பிள்ளை வந்துவிட்டது. மஞ்சள் கவுன் போட்ட ஒரு பிள்ளை. எட்டு மாதம் இருக்கலாம். இரண்டு கைகள் அதை என் நெஞ்சில் வைத்து அழுத்தின. ஒரு கையில் சிவப்புப் பிளாஸ்டிக் வளையல்கள், முழங்கையில் தொங்கும் ஒயர் கூடை, மணிக்கட்டில் பச்சை குத்திய தேள். அவ்வளவுதான் பார்த்தேன். முகம் கூட்டத்தில் போய்விட்டது.

பிள்ளை வருவது ஒன்றும் அதிசயமில்லை. இடுப்பில் குழந்தையோடு அந்தப் படியில் ஏறிப் பார்த்தவளுக்குத்தான் தெரியும், அதைவிட ஜன்னல் பத்திரம் என்று. யாராவது வாங்கிக்கொள்வார்கள், தாய் ஏறி வந்து வாங்கிக்கொள்வாள். ஆவடியில் அது நடைமுறை. எனக்குத்தான் பிள்ளை தூக்கிப் பழக்கமில்லை. வீட்டில் நான் கடைக்குட்டி. அதை எப்படிப் பிடிப்பது என்று நான் யோசிப்பதற்குள் அது என் சங்கிலியைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டு, இஸ்திரி போட்ட என் வெள்ளைப் புடவையில் ஜொள்ளு வடிக்க ஆரம்பித்தது.

விசில் அடித்தது, வண்டி கிளம்பியது. முன்னால் நின்றவர்களைப் பார்த்தேன். சிவப்பு வளையல் இல்லை. பின்படியில் ஏறியிருப்பாள், நகர்ந்து வரட்டும் என்று இருந்தேன். கோவர்த்தனகிரி ஸ்டாப்பும் போயிற்று. யாரும் நகர்ந்து வரவில்லை.

"கொழந்தையக் குடுத்தது யாரும்மா? இங்க இருக்கு, வாங்கிக்கங்க" என்று குரல் கொடுத்தேன். என் கேள்வி வாய்க்கு வாய் மாறிப் பின்னால் போயிற்று. "கொழந்த யாருது? மஞ்ச கவுன் போட்ட கொழந்த யாருது?" பின்படிவரை போய், அங்கிருந்து பதில் அதே வழியில் திரும்பி வந்தது. "யாருதும் இல்லியாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், தலை நிறையப் பூவும் கை நிறையப் பையுமாகக் கல்யாணத்துக்குப் போகிறவள், கையை நீட்டிச் சட்டென்று கவுனைத் தூக்கிப் பார்த்தாள்.

"பொட்டப் புள்ள" என்றாள்.

அவ்வளவுதான், சுற்றியிருந்தவர்கள் முகமெல்லாம் மாறிவிட்டது. கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பெரியவர் "அதானே பாத்தேன்" என்றார். பின் இருக்கையிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து, "கையில இன்னாத்தையாவது வெச்சிகினு இருந்தாளா?" என்று கேட்டாள்.

"ஒயர் கூடை ஒண்ணு இருந்துச்சு."

"பாத்தியா? பைய வெச்சிக்கினு புள்ளயக் குடுத்துட்டுப் போயிட்டா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் திருநெல்வேலி வந்துவிடும். "வாயக் களுவுங்க. பிள்ளையப் பாத்துட்டுப் பேசுங்க. கண்ணுக்கு மை, இடுப்புல வெள்ளி அரைஞாண், கன்னத்துல இத்தாப் பெரிய திருஷ்டிப் பொட்டு. விட்டுட்டுப் போறவ பொட்டு வச்சி விட்டுட்டுப் போவாளாக்கும்?"

பூ வைத்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். கோபமே இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்: "பெத்த வயிறும்மா. கடைசியா ஒரு தபா ஜோடிச்சிப் பாத்திருப்பா."

பிள்ளை அது பாட்டுக்கு என் சங்கிலியைக் கடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அந்தத் தாய் வராவிட்டால் இந்தப் பிள்ளை யாருடையது?

கண்டக்டர் ஆட்களைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். தினம் என்னைப் பார்க்கிறவர். "இன்னாமா, டெய்லி வர்ற பொண்ணு நீ, ஒனக்கு எதுக்கு இந்த வேல? கூடையா, கொடையா, கண்ட கண்டவங்க குடுத்தா வாங்கிப்பியா?"

"நான் எங்கங்க வாங்குனேன்? மடியில வச்சுட்டாங்க!"

"இப்ப இன்னா பண்றது? வண்டியத் திருப்ப முடியாது. அப்பறம் ஊடு போய்ச் சேரமாட்டேன்."

அதற்குள் பருத்திப்பட்டு அருகே எதிரே ஆவடி வண்டி ஒன்று வந்தது. எங்கள் டிரைவர் ஹாரனை அமுக்கி, கையை வெளியே நீட்டினார். அந்த வழியில் இது வாடிக்கை. இரண்டு வண்டியும் நடுரோட்டில் டிரைவருக்கு டிரைவர் நேராக நின்றுவிடும். சில்லறை மாற்றுவார்கள், யார் லீவு, எங்கே செக்கிங் என்று சேதி பேசுவார்கள். பின்னால் லாரிக்காரன் கத்தினால் கத்திக்கொண்டே இருக்கவேண்டியதுதான். தினமும் அதைப் பார்த்து நான் பல்லைக் கடித்திருக்கிறேன். அன்றைக்கு என் குலதெய்வமே எதிரே வந்து நின்ற மாதிரி இருந்தது.

எங்கள் கண்டக்டர் டிரைவர் தலைக்கு மேல் எட்டிக் கத்தினார். "மாமே! ஸ்டாண்டுல ஒரு பொம்பள அய்துகினு நிக்கும் பாரு. புள்ளைய எங்க வண்டில குடுத்துட்டு ஏறாம வுட்டுடுச்சி. புள்ள இங்கதான் கீதுன்னு சொல்லு."

"அப்ப அந்தப் பொண்ணையும் புள்ளையையும் இதுல ஏத்து. நான் இட்டுகினு போறேன்" என்றார் எதிர்வண்டிக் கண்டக்டர்.

வண்டியே ஒரே குரலில் "எறங்கும்மா, எறங்கு" என்றது. இரண்டு பேர் எனக்கு வழிகூட விட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. சின்ன வயதில் சென்ட்ரல் ஸ்டேஷனில் நானும் அப்பாவும் இப்படித்தான் பிரிந்துபோனோம். அவர் என்னைத் தேடிக் கிழக்கே போக, நான் அவரைத் தேடி மேற்கே போக, அரை நாள் அந்த ஸ்டேஷனை இரண்டு பேரும் மாறி மாறிச் சுற்றினோம். கடைசியில் அப்பா என்னைக் கண்டுபிடித்துக் கன்னத்தில் கொடுத்த அறை இன்னும் ஞாபகமிருக்கிறது.

"நான் எறங்கமாட்டேன்" என்றேன். "நான் அந்தப் பக்கம் போக, அவ வேற வண்டியில இந்தப் பக்கம் வந்தா? பூந்தமல்லி போர்டைப் பாத்துத்தான பிள்ளையக் குடுத்தா? அவளுக்குத் தெரிஞ்ச ஒரே எடம் அதான். பூந்தமல்லிக்குத்தான் வருவா."

"வந்தாத்தானே" என்றார் பெரியவர்.

கண்டக்டர் என்னை ஒரு முறை பார்த்தார். அப்புறம் எதிர்வண்டியைப் பார்த்து, "பூந்தமல்லி டைம் கீப்பராண்ட வந்து வாங்கிக்கச் சொல்லு!" என்று கத்திவிட்டு விசிலை ஊதினார்.

முடிவு என்னுடையது என்று ஆகிவிட்டது. காடுவெட்டிப் பாலம் தாண்டும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் சொன்னது தப்பாக இருந்தால்? அவள் ஆவடியிலேயே அழுதுகொண்டு நின்றால்? பெரியவர் சொன்னது சரியாக இருந்தால்? சென்னீர்குப்பம், கரையான்சாவடி எல்லாம் எப்போது போயிற்று என்றே தெரியவில்லை.

பூந்தமல்லியில் எல்லோரும் இறங்கினார்கள். ஆளுக்கொரு புத்திமதி சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். பூ வைத்த அம்மாள் மட்டும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். பையிலிருந்து ஒரு பிஸ்கெட் பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்து, "பசிக்கும். பால்ல நனைச்சிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டிகளின் நேரம் குறிக்கும் டைம் கீப்பர் அறை வாசலில் ஒரு பெஞ்சு. கண்டக்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விட்டார். டைம் கீப்பர் காக்கிச் சட்டைக்காரர், பயந்த சுபாவம். "பாரும்மா, இன்னும் ரெண்டு ஆவடி வண்டி பாப்பேன். அப்பறம் போலீசுக்குச் சொல்லிடணும். அவங்க ஹோம்ல கொண்டுபோய் வெச்சிடுவாங்க. அதுக்கு மேல நம்ம கையில இல்ல" என்றார்.

இன்ஸ்டிட்யூட் சாவி என் கைப்பையில் இருந்தது. படிக்க வந்தவர்கள் பூட்டின கதவுக்கு முன்னால் வெயிலில் நின்றிருப்பார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டீக்கடைப் பாலில் பிஸ்கெட்டை நனைத்துக் கொடுத்தேன். பாதி உள்ளே போயிற்று, பாதி என் மேல். முதல் வண்டி வந்தது. எழுந்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் இறங்கிப் போனார்கள். யாரும் ஓடி வரவில்லை. பிள்ளைக்குத் தெரிந்ததோ என்னவோ, அந்த நிமிஷம்தான் அழ ஆரம்பித்தது. என்ன அழுகை! ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. "இன்னாமா, பால் குடேன்" என்று ஒருத்தி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குத் தாலாட்டு ஒன்றும் வராது. வாயில் வந்ததைச் சொன்னேன். தினம் காலையிலிருந்து மாலைவரை நான் சொல்லும் டைப்ரைட்டிங் பாடம்தான் வந்தது. "ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜே. ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜே." தட்டிக்கொண்டே நடந்தேன். கழுதை, அதற்கு அது பிடித்துவிட்டது. விசும்பல் அடங்கி என் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்டது. டைம் கீப்பர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இரண்டாவது வண்டியும் வந்தது. அதிலும் இல்லை.

டைம் கீப்பர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "வாம்மா, போலாம்."

"சார், இன்னும் ஒரே ஒரு வண்டி சார்."

"எத்தினி வண்டின்னுமா பாக்கறது? வர்றவளா இருந்தா இந்நேரம் வந்திருக்க மாட்டாளா?"

"சார், உங்களக் கெஞ்சிக் கேக்கேன். ஒரு வண்டி." அதுவரை நான் யாரிடமும் கெஞ்சினதில்லை. பரீட்சைக்கு ஃபீஸ் கட்ட நாள் தள்ளிக் கேட்டபோதுகூடக் கெஞ்சினதில்லை. அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

மூன்றாவது வண்டி ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே, ஒரு ஜன்னலிலிருந்து இரண்டு கைகள் வெளியே நீண்டிருந்தன. முகத்தை நான் பார்த்ததே இல்லை, கைகளைத் தெரியும். சிவப்பு வளையல், மணிக்கட்டில் தேள்.

அப்பாடா! வந்துவிட்டாள். வந்தேவிட்டாள். பெரியவரே, பார்த்துக்கொள்ளும்!

வண்டி நின்றதும் ஏறுகிற கூட்டம் படியை அடைத்துக்கொண்டது. அவளால் இறங்க முடியவில்லை. ஜன்னல் வழியாகவே இடுப்பு வரை வெளியே வந்து, "யக்கா, குடுக்கா, குடுக்கா!" என்று கதறினாள். ஓடிப்போய் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். எட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் "குடும்மா, குடு, பெத்தவகிட்ட குடு" என்றார்கள்.

"மாட்டேன்!" என்று கத்தினேன். "செத்தாலும் ஜன்னல் வழியாக் குடுக்கமாட்டேன்! நீ கீள எறங்கி வா!"

ஒரு விநாடி எல்லோரும் திகைத்தார்கள். பிறகு யாரோ குபீரென்று சிரித்தார்கள். டைம் கீப்பர் வெளியே ஓடிவந்து, "ஏறாதீங்கய்யா! அந்தம்மா எறங்கட்டும்!" என்று விசிலை ஊதினார். அதற்கு முன்னும் சரி பின்னும் சரி, பூந்தமல்லி ஸ்டாண்டில் ஏறுகிற கூட்டம் இறங்குகிறவருக்கு வழிவிட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு விட்டது. படியின் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள்.

அவள் இறங்கி வந்தாள். என் வயதுதான் இருக்கும். முழங்காலில் புடவை கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. பிள்ளையை வாங்கினாள், உச்சியை முகர்ந்தாள், கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். டைம் கீப்பர் இருவருக்கும் டீ சொன்னார்.

டீ குடித்தபடியே விவரம் சொன்னாள். வெள்ளானூரிலிருந்து திருமழிசையில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறாள். முன்படியில் ஏறப்போனவளைக் கூட்டம் பின்னால் தள்ளியிருக்கிறது. எங்கள் பின்படியும் அடுத்த வண்டியின் முன்படியும் கைக்கெட்டும் தூரத்தில். கிடைத்த படியில் தொற்றி ஏறிவிட்டாள். ஏறினது அம்பத்தூர் வண்டி. உள்ளே நெருக்கியடித்து முன்னால் போய், நான் இருக்கவேண்டிய சீட்டில் வேறு யாரோ ஒரு கிழவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"திருமுல்லைவாயில்ல குதிச்சிட்டேன்கா. அங்கேர்ந்து ஸ்டாண்டு வரிக்கும் ஓடியாந்தேன். ஒரு கண்டக்டரு என்னப் பாத்ததும், 'பூந்தமல்லிக்குப் போ, புள்ள அங்க பத்திரமா கீது'ன்னாரு. நான் நம்பல. நீ யாரோ, எங்க எறங்குவியோன்னு வர்ற வழி பூரா எல்லா ஸ்டாப்பிலயும் பாத்துகினே வந்தேன்."

பிள்ளையின் கன்னத்துப் பொட்டு இப்போது என் தோளில் அப்பியிருந்தது. அதைப் பார்த்தவள் தன் முந்தானையால் துடைக்க வந்தாள். துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"யக்கா, பஸ்ல யாராச்சும் எதுனா பேசினாங்களா?"

"என்ன பேசுவாங்க?"

"இது மூணாவதுக்கா. மூணும் பொண்ணு. எங்க மாமியாரு ஊட்ல தெனம் இதே பேச்சுதான். நான் வோணும்னே வுட்டுட்டுப் போயிட்டேன்னு யாரும் சொல்லல இல்ல?"

பெரியவரின் முகமும் பூ வைத்த அம்மாளின் பெருமூச்சும் கண்முன் வந்தன.

"ஒருத்தரும் சொல்லல" என்றேன். "தாய் எம்புட்டுத் தவிச்சுக்கிட்டு இருக்காளோன்னுதான் பஸ்ஸே பேசிச்சு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் டீயை முழுசாகக் குடித்தாள்.

திருமழிசை வண்டி வந்து நின்றது. வழக்கம்போல ஓட்டம், தள்ளு, கைக்குட்டைகள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண், இவள் இடுப்பில் பிள்ளையைப் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு இரண்டு கையையும் நீட்டினாள். "குடும்மா, நான் வெச்சிக்கறேன். நீ ஏறி வா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

ஒயர் கூடையை எடுத்து அந்தக் கைகளில் கொடுத்தாள். பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, எல்லோரும் ஏறி முடிக்கும்வரை நின்று, கடைசி ஆளாகப் படியில் கால் வைத்தாள்.